தொட்டில் போட இடமில்லாத அரண்மனை

1845 பிப்ரவரி 10-ஆம் தேதி விக்டோரியா ராணி தன் பிரதமர் சர் ராபர்ட் பீலுக்கு ஒரு கடிதம் எழுதினார். யுத்தம் பற்றி இல்லை, அயர்லாந்து பற்றி இல்லை. வீட்டில் இடம் பத்தவில்லை என்று. பிள்ளைகள் நாலாகிவிட்டன, வைத்துக்கொள்ள அறை கிடையாது, இனியும் தள்ளிப்போட முடியாது, ஏதாவது செய்யுங்கள். அதோடு, வெளியிலிருந்து பார்த்தால் இந்தக் கட்டடம் நாட்டுக்கே அவமானம் என்று ஒரு குத்தல் வேறு. வாடகைக்குக் குடியிருப்பவர் வீட்டுக்காரருக்கு எழுதுகிற கடிதத்தின் சகல லட்சணங்களும் அதில் இருந்தன. கொஞ்சம் கெஞ்சல், கொஞ்சம் மிரட்டல், நிறையப் பொருமல்.

ராணிக்கு அப்போது வயது 25. மூத்தவளுக்கு நாலு முடிந்து சில வாரங்கள், கடைக்குட்டிக்கு ஆறு மாதம், நடுவில் இரண்டு. வீடு என்று அவர் சொன்னது பக்கிங்காம் அரண்மனையை.

அத்தனை பெரிய அரண்மனையில் நாலு தொட்டிலுக்கு இடமில்லையா என்று கேட்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் கைக்குழந்தை உள்ள வீட்டில் இருந்ததே இல்லை. அவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு வகையினருக்கு அந்த அரண்மனையின் பூர்வீகம் தெரியாது. அதைச் சொல்கிறேன்.

1761-இல் மூன்றாம் ஜார்ஜ் தன் மனைவி சார்லட்டுக்காக வாங்கிய சுமாரான மாளிகை அது. அவருடைய மகன் நாலாம் ஜார்ஜுக்கு எதையும் சுமாராக விட்டுவைக்கத் தெரியாது. லண்டனில் தங்க ஒரு சின்ன இடம் இருந்தால் போதும் என்றுதான் 1820-களின் நடுவில் ஆரம்பித்தார். ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞரைக் கூப்பிட்டார். நாஷ் சுமார் இரண்டரை லட்சம் பவுண்டு என்று எஸ்டிமேட் கொடுத்தார். கட்டினார், கட்டியது சரியாக அமையவில்லை என்று இடித்தார், மறுபடியும் கட்டினார். கணக்கு ஆறு லட்சத்தைத் தாண்டியது. 1830-இல் ராஜா போய்ச் சேர்ந்தார். நாஷுக்குச் சீட்டுக் கிழிந்தது. அத்தனையையும் இழுத்துவிட்ட ராஜா அந்த வீட்டில் குடியேறவே இல்லை.

அடுத்து வந்த தம்பி நாலாம் வில்லியம், கப்பற்படையில் வளர்ந்த மனுஷர். அவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. 1834-இல் பார்லிமெண்ட் கட்டடம் எரிந்துபோனபோது, அதற்கென்ன, என் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தாராளமாக நீட்டினார். உறுப்பினர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டார்கள். சும்மா கொடுத்தும் ஆள் வராத வீடு.

1837 ஜூலையில் விக்டோரியா அதில் குடிவந்தார். வயது 18. சாக்கடை ஒழுங்கில்லை. மணியை இழுத்தால் அடிக்காது. சாத்தாத கதவுகள் பல, திறக்காத ஜன்னல்கள் பல. கணப்பு மூட்டினால் புகை மேலே போகாமல் கூடத்துக்குள்ளேயே வலம் வந்தது. ஆகவே நெருப்பைத் தணித்துவிட்டுச் சீமாட்டிகளும் கனவான்களும் குளிரில் வெடவெடத்தார்கள். ராணிக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. அம்மாவின் பிடியிலிருந்து முதன்முதலாகத் தப்பித்து வந்த பெண் அவர். அதே அரண்மனையில் நல்ல தூரமான அறைகளாகப் பார்த்து அம்மாவுக்கு ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருந்தார். பதினெட்டு வயதில் ஒழுகுகிற கூரையும் அழகாகத்தான் இருக்கும்.

1840 பிப்ரவரியில் கல்யாணம். மாப்பிள்ளை ஆல்பர்ட், ஜெர்மனியிலிருந்து வந்தவர். ராணியின் அம்மா, ஆல்பர்ட்டின் அப்பாவுக்குக் கூடப்பிறந்த தங்கை. அதாவது சொந்த அத்தை மகள், முறைப்பெண். நம்மூர்க் கணக்கில் குறைசொல்ல ஒன்றுமில்லை. கஷ்டம் என்னவென்றால் அவர் வீட்டோடு மாப்பிள்ளை. வீட்டோடு மாப்பிள்ளைக்கு உரிய அத்தனை மரியாதையும் அவருக்குக் கிடைத்தது. வீட்டுச் சாவி லேசன் என்ற அம்மாளிடம் இருந்தது. ராணியைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவர். கணக்கு வழக்கு, ஆள் அம்பு எல்லாம் அவர் கையில்.

அந்த வருஷம் நவம்பர் 21-ஆம் தேதி முதல் குழந்தை. பெண் என்று டாக்டர் தயங்கித் தயங்கிச் சொல்ல, அதனாலென்ன, அடுத்தது பையன் என்றாராம் ராணி. பிரசவ வலி ஓய்ந்து அரை நாழிகை ஆகியிருக்காது, அதற்குள் அடுத்ததைப் பற்றிப் பேச்சு. மறு வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி பையனும் வந்துவிட்டான், முழுசாகப் பன்னிரண்டு மாதம்கூட ஆகவில்லை. கட்டடம் அந்த வேகத்தில் நடந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

அதற்கு முன்பே, முதல் குழந்தை பிறந்து இரண்டு வாரம்கூட முடியாத ஒரு டிசம்பர் இரவில், ராணியின் உடை மாற்றும் அறைக்குள் ஏதோ சத்தம். போய்ப் பார்த்தால் சோபாவுக்கு அடியில் ஒரு பையன் படுத்திருக்கிறான். எட்வர்ட் ஜோன்ஸ், ஒரு தையல்காரரின் மகன், மீசை அரும்பாத வயது. ராஜதுரோகமா, கொலை முயற்சியா என்று எல்லோரும் பதற, பையன் சாவகாசமாகச் சொன்னான்: சிம்மாசனத்தில் உட்கார்ந்து பார்த்தேன், ராணியைப் பார்த்தேன், குட்டி இளவரசி வீறிட்டு அழுவதையும் கேட்டேன். முதல் இரண்டையும் போலீஸ் நம்பியதோ இல்லையோ, மூன்றாவதை நம்பாமல் இருக்க முடியாது. அந்த வீட்டில் அது எல்லோருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

மூன்று மாதம் உள்ளே போட்டார்கள். மார்ச் மாதம் வெளியே வந்தவன், அதே மாதத்திலேயே திரும்பவும் அரண்மனைக்குள் பிடிபட்டான். இந்த முறை கைக்குட்டையில் ஆறிப்போன கறியும் உருளைக்கிழங்கும். தொழில்முறைத் திருடன் இப்படிச் செய்ய மாட்டான். பசித்த பையன், சாத்தாத கதவு, அவ்வளவுதான். இதற்குமேல் கோர்ட்டை நம்பிப் பயனில்லை என்று கடைசியில் அவனைக் கப்பலேற்றிவிட்டார்கள். கதவைச் சரிசெய்வதைவிட அது சுலபமாக இருந்தது.

அது ஏன் சுலபமாக இருந்தது என்று ஆராயப் போனவர் ஸ்டாக்மார். ஆல்பர்ட்டின் ஊர்க்காரர், டாக்டர், குடும்பத்துக்கு நெடுநாள் ஆலோசகர். அரண்மனை நிர்வாகத்தைப் பற்றி அவர் எழுதிய அறிக்கையை, சொந்த வீட்டில் மராமத்து பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு தரம் படிக்க வேண்டும். ரத்த அழுத்தம் இறங்கும்.

அரண்மனையை மூன்று பெரிய பிரபுக்களின் இலாகாக்கள் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. பணிப்பெண்கள் ஒரு இலாகா, சேவகர்கள் இன்னொரு இலாகா, சமையல்காரர்கள் மூன்றாவது. கணப்பில் விறகை அடுக்குவது லார்டு ஸ்டூவர்டின் ஆட்கள். அதைப் பற்றவைப்பது லார்டு சேம்பர்லினின் ஆட்கள். சாப்பாட்டுக் கூடம் எப்போதும் சில்லென்று இருக்கிறதே என்று ராணி சார்பில் ஸ்டாக்மார் போய்க் கேட்டபோது, அடுக்குவதோடு எங்கள் வேலை முடிந்தது, பற்றவைப்பது அவர்கள் பாடு என்று பதில் வந்தது. விளக்கிலும் அதே கதை: வாங்கிக் கொடுப்பது ஒருவர், துடைத்துத் திரியைக் கத்தரித்து ஏற்றுவது வேறொருவர்.

ஜன்னல் இன்னும் ரசமானது. கண்ணாடியின் உட்புறத்தைத் துடைப்பது சேம்பர்லின் இலாகா. வெளிப்புறத்தைத் துடைப்பது வனத்துறை. ஆமாம், வனத்துறைதான், காடுகளுக்கும் அரசுக் கட்டடங்களுக்கும் சேர்த்து ஒரே அலுவலகம். இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து துடைத்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. உள்ளே பளபளப்பாக இருக்கும்போது வெளியே அழுக்கு, வெளியே பளபளக்கும்போது உள்ளே அழுக்கு. உலகத்தின் மிகப் பெரிய சாம்ராஜ்யத்தின் ராணி தன் பிரஜைகளை எப்போதும் மங்கலாகவே பார்த்தார்.

சமையலறையில் ஒரு கண்ணாடி உடைந்ததென்று வைத்துக்கொள்வோம். தலைமைச் சமையல்காரர் மனு எழுத வேண்டும். சமையலறைக் குமாஸ்தா அதில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அரண்மனை மேலாளர். பிறகு சேம்பர்லின் அலுவலகம். கடைசியில் வனத்துறையின் கீழுள்ள கட்டட மேற்பார்வையாளர். ஐந்து கையெழுத்து. மாதக்கணக்கில் உடைந்த கண்ணாடியோடு காலம் தள்ளினார்கள். ஜோன்ஸ் தம்பி எப்படி உள்ளே வந்தான் என்று இதற்குமேலும் யாராவது கேட்டால் அவர்களுக்கு அரசாங்க ஆபீஸ் வாசலை மிதித்த அனுபவம் இல்லை என்று அர்த்தம்.

மெழுகுவத்தி விவகாரமும் உண்டு. ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் தினமும் புது வத்தி. பழையதைச் சேவகர்கள் கொண்டுபோய் விற்றார்கள். மூன்றாம் ஜார்ஜ் காலத்தில் காவல் அதிகாரிகளுக்காக அனுமதித்த ஒயினுக்கு வாரம் 35 ஷில்லிங், அந்தக் காவல் போய் எத்தனையோ காலமாகியும் யாருக்கோ போய்க்கொண்டே இருந்தது. ஆல்பர்ட் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடித்தார். ஜெர்மன்காரர் கஞ்சன் என்று அரண்மனை முழுக்கப் பேர் வந்தது. வீட்டோடு மாப்பிள்ளை கணக்குக் கேட்டால் வேறு என்ன பேர் வரும்?

குழந்தை வளர்ப்பு இதைவிடக் கந்தரகோளம். மூத்தவள் விக்கி, ஒரு வயது தாண்டியும் நோஞ்சானாக இருந்தாள். லேசன் ராஜ்ஜியத்தில் அவளுக்குக் கழுதைப்பால் புகட்டினார்கள். நம்மூர்த் தெருக்களில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து சங்கில் கறந்து விற்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆனால் அரண்மனை டாக்டர் அதற்கு மேலே கேலமல் கொடுத்தார். கேலமல் என்பது பாதரச உப்பு. அந்தக் காலத்தில் பேதிக்கும் அதுதான், பேதி நிற்கவும் அதுதான். 1842 ஜனவரியில் ஆல்பர்ட் பொங்கி எழுந்தார். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடந்த சண்டையில் நர்ஸரி அதிர்ந்தது. நேருக்கு நேர் பேச முடியாமல் இருவரும் ஸ்டாக்மாரை நடுவில் வைத்துக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஒரே வீட்டுக்குள், தபால் மூலம் சண்டை. கடைசியில் லேசன் அம்மாள் அந்த வருஷம் செப்டம்பரில் பென்ஷனோடு ஜெர்மனிக்குப் போனார். லிட்டில்டன் சீமாட்டி நர்ஸரிக்குப் பொறுப்பேற்றார். குழந்தைகள் இருக்கும் பகுதியின் முக்கியச் சாவி மட்டும் ஆல்பர்ட் கையை விட்டு அகலாது. சோபாவுக்கு அடியில் ஒருவன் பிடிபட்ட வீட்டில் தகப்பன் வேறு எப்படி இருப்பான்?

இத்தனைக்கும் பிள்ளைகள் இருந்தது வடக்குப் பகுதியின் மச்சில், வேலைக்காரர்களுக்கென்று கட்டிய அறைகளில். அடித்தளத்து ஆட்களின் இரைச்சலும் வாடையும் ராஜதம்பதியின் சொந்த அறைகள் வரை எட்டின. ஒன்று தூங்கினால் இன்னொன்று விழிக்கும். அப்போதுதான் அந்த 1845 கடிதம்.

பீல் என்ன செய்தார்? எந்த நிதி அதிகாரியும் செய்வதைத்தான். பொறுங்கள் என்றார். 1842-இல் மூன்று வருஷத்துக்கு மட்டும் என்று சொல்லி வருமான வரி கொண்டுவந்தவர் அவர். மூன்று வருஷம் முடிந்ததால் அதை நீட்டிக்கச் சொல்லி அதே மாதத்தில் பார்லிமெண்ட் முன் நிற்க வேண்டும். வரி கட்டுகிறவனிடம் ராணி வீட்டில் இடம் பத்தவில்லை என்று சொல்ல அது நல்ல நேரமில்லை. (மூன்று வருஷத்துக்கு மட்டும் என்று வந்த அந்த வரி இன்னும் இருக்கிறது. தற்காலிகம் என்று ஆரம்பிக்கிற எதற்கும் ஆயுசு கெட்டி.)

கமிஷன் போட்டு, வரைபடம் போட்டு, 1846-இல் சுமார் ஒன்றரை லட்சம் பவுண்டு என்று மதிப்பீடு வெளியே வந்தது. 'பஞ்ச்' பத்திரிகை விடவில்லை. ஆல்பர்ட் தெருவில் தொப்பியேந்தி நிற்க, பக்கத்தில் ராணியும் பிள்ளைகளும் பரிதாபமாகப் பார்க்க, ஒரு கார்ட்டூன் போட்டது. அதற்குள் மே மாதம் ஐந்தாவது குழந்தையும் பிறந்துவிட்டது. கார்ட்டூன்காரருக்கும் எண்ணிக்கையைத் தொடர்ந்து பிடிப்பது சிரமமாகத்தான் இருந்திருக்கும்.

இந்தத் தம்பதியிடம் எனக்குப் பிடித்தது இனிமேல் வருவதுதான். அரசாங்க வீட்டில் வேலை ஆரம்பிக்கவே வழியில்லை என்று தெரிந்ததும் மற்றவர்கள் மூலையில் உட்கார்ந்து புலம்புவார்கள். இவர்கள் சொந்தப் பணத்தில் இன்னொரு வீட்டை வாங்கினார்கள். வைட் தீவில், ஆஸ்போர்ன் என்ற எஸ்டேட், 1845-இல். அங்கே போனால் வனத்துறை இல்லை, சேம்பர்லின் இல்லை, ஐந்து கையெழுத்து இல்லை. அந்த இலாகாக்களெல்லாம் வாழ்க்கையின் சாபக்கேடு என்ற தொனியில் ராணி தன் மாமா லியோபோல்டுக்கு எழுதித் தீர்த்துக்கொண்டார். கடலைப் பார்த்ததும் ஆல்பர்ட்டுக்கு நேப்பிள்ஸ் விரிகுடா ஞாபகம் வந்தது. இங்கிலாந்தின் மழையில் நின்றுகொண்டு நேப்பிள்ஸை நினைக்கிறவரை எந்தக் கொத்தனாராலும் சோர்வடையச் செய்ய முடியாது.

இருந்த வீட்டைக் கொஞ்சம் விரித்தால் போதும் என்பதுதான் முதல் யோசனை. தாமஸ் கியூபிட் என்ற கட்டட ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டார்கள். லண்டனில் தெருத் தெருவாகப் பணக்கார வீடுகள் கட்டிப் பேர் வாங்கியவர். வந்தார், சுற்றிப் பார்த்தார், சொன்னார்: இதை ஒட்டுப்போடுவதைவிட இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டினால் சிக்கனம். அந்த வாக்கியத்தைக் கேட்டிராத வீட்டுக்காரர் பூமியில் இல்லை. ஆனால் கியூபிட் விஷயத்தில் ஒரு விசேஷம், அவர் சொன்னது உண்மையாகவும் இருந்தது. நாஷ் கொடுத்த எஸ்டிமேட்டையும் கியூபிட் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ராஜா காசில் கட்டுவதும் தன் காசில் கட்டுவதும் எப்படி இரண்டு வெவ்வேறு தொழில்கள் என்று புரிந்துவிடும். 1845 ஜூன் 23-ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். அடுத்த வருஷம் செப்டம்பரில் முதல் பகுதி தயார்.

ராணியின் அறைகளுக்கு நேர் மேலே நர்ஸரி. அதுவும் ஆல்பர்ட் ஏற்பாடு. சாவி பத்திரமாக இருந்தால் போதாது, காலடிச் சத்தமும் கேட்க வேண்டும்.

குடிபோன முதல் ராத்திரியைப் பற்றி லிட்டில்டன் சீமாட்டி எழுதிவைத்திருக்கிறார். ராணி வாசற்படி தாண்டி உள்ளே போனதும், தோழிப்பெண் ஒருத்தி பின்னாலிருந்து ஒரு பழைய செருப்பைத் தூக்கி வீட்டுக்குள் வீசினாளாம். ஸ்காட்லாந்து வழக்கம், அதிர்ஷ்டம் வருமாம். நாம் பால் காய்ச்சுகிறோம், அவர்கள் செருப்பு வீசினார்கள். ஆனாலும் பாதி கட்டிய வீட்டு முகப்பில் கண்ணேறு படாமலிருக்கப் பிய்ந்த செருப்பைக் கட்டித் தொங்கவிடுகிற ஊரில் இருந்துகொண்டு நாம் சிரிக்க முடியாது. சாப்பாட்டுக்குப் பிறகு ஆல்பர்ட், லூதர் எழுதிய ஒரு கிரகப்பிரவேசப் பாட்டைச் சொன்னாராம். பெயிண்ட் வாடை யாருக்கும் தெரியவில்லை, யாருக்கும் ஜலதோஷமும் பிடிக்கவில்லை என்றும் சீமாட்டி குறித்திருக்கிறார். புதுவீட்டில் கைக்குழந்தையோடு குடிபோகிறவர்களுக்குத்தான் தெரியும், அந்த ஒரு வரியில் எத்தனை நாள் கவலை ஒளிந்திருக்கிறது என்று. ஐந்தாவது குழந்தை ஹெலனாவுக்கு அப்போது நாலு மாதம் நிறையவில்லை.

லண்டனில் வேலை 1847-இல் ஆரம்பித்தது. எட்வர்ட் ப்ளோர் என்பவர் வரைபடம் போட்டார். கட்டியது இங்கேயும் கியூபிட்தான். ப்ளோருக்குச் சிக்கனக்காரர் என்று பேர். நாஷ் அடித்த சூட்டுக்குப் பிறகு அரசாங்கம் தேடியதும் அதைத்தான். நாஷ் கட்டியது மூன்று பக்கம். நாலாவது பக்கமாகக் கிழக்கே ஒரு கட்டடத்தை எழுப்பி முற்றத்தை மூடினார்கள். இன்று படத்தில் நாம் பார்க்கிற அரண்மனை முகப்பு அதுதான். நாஷ் நிறுத்திய பளிங்கு வளைவு இடைஞ்சலாக இருந்ததால் பெயர்த்துக் கொண்டுபோய் ஹைட் பார்க் முனையில் வைத்தார்கள். இப்போது சுற்றிலும் வண்டிகள் ஓட நடுவில் நிற்கிறது, எங்கேயும் போகாத வாசலாக.

வேலை நடந்துகொண்டிருந்த 1848-இல் மார்ச் 18-ஆம் தேதி ஆறாவது குழந்தை, லூயிஸ். பாரிஸில் புரட்சி வெடித்து அந்த நாட்டு ராஜா தப்பி இங்கிலாந்துக்கே ஓடிவந்த சமயம். சார்ட்டிஸ்டுகள் ஓட்டுரிமை கேட்டு ஏப்ரல் 10-ஆம் தேதி கெனிங்டன் திடலில் பெருங்கூட்டம் கூட்டப்போவதாக அறிவித்தார்கள். பச்சை உடம்புக்காரி, மூன்று வாரக் குழந்தை, பாதி கட்டிய சுவர், வெளியே புரட்சி. ஏப்ரல் 8-ஆம் தேதி மொத்தக் குடும்பமும் மூட்டை கட்டி ஆஸ்போர்னுக்கு ரயிலேறியது. அங்கே போனால் அங்கேயும் வேலை முடியவில்லை. புரட்சிக்குத் தப்பியவர்களால் சுத்தியல் சத்தத்துக்குத் தப்ப முடியவில்லை. திடலில் மழை பெய்தது, கூட்டம் கலைந்தது. சுத்தியல் நிற்கவில்லை.

இதெல்லாம் போதாதென்று அதே வருஷம் ஸ்காட்லாந்தில் பால்மோரல் மாளிகையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். போய் இருந்து பார்த்தால், அட, இடம் பத்தவில்லை. விலைக்கு வாங்கி, பக்கத்தில் புதுசாகக் கட்டி, பழையதை இடித்தார்கள். ஆக மூன்று வீடு. ஒன்று முடிவதற்குள் அடுத்ததற்கு வரைபடம் விரிப்பது ஆல்பர்ட்டின் சுபாவம். ஒன்று நடப்பதற்குள் அடுத்ததைச் சுமப்பது ராணியின் விதி. அவருக்குக் கர்ப்பமும் பிடிக்காது, பச்சைக்குழந்தையும் பிடிக்காது. எவ்வளவு அழகான குழந்தையாக இருந்தாலும் உடுப்பைக் கழற்றினால் நாலு மாதம் வரை பார்க்கச் சகிக்காது, தவளையைப் போல் காலை உதைக்கும் என்று பிற்காலத்தில் மூத்த மகளுக்கே எழுதியவர். பேரன் பிறந்த சந்தோஷத்தில் எழுதிய கடிதம் என்று நினைத்துக்கொள்வோம்.

பக்கிங்காம் வேலைக்குப் பணத்துக்கு வழி? பிரைட்டனில் நாலாம் ஜார்ஜ் கட்டிய இன்னொரு விநோதம் இருந்தது: வெளியே நம்மூர் நவாபு மாளிகை மாதிரி குமிழ் குமிழாக, உள்ளே சீன டிராகன்களாக. ஊர்க்காரர்கள் மூக்கை நீட்டி எட்டிப்பார்க்கிறார்கள் என்பதால் ராணிக்கு அது ஆகவில்லை. 1850-இல் பிரைட்டன் நகரத்துக்கே 53,000 பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள். விற்கும் முன் உள்ளே இருந்த கணப்பு மேடைகள், சாமான்கள், சித்திர வேலைப்பாடுகளை வழித்தெடுத்து பக்கிங்காமின் புதுப் பகுதியில் பதித்தார்கள். சமையலறை ஓடு முதல் குழாய் வரை கழற்றிக்கொண்டு வீட்டைக் காலிசெய்கிற சாமர்த்தியம் ஒன்றும் புதிதல்ல.

அதே 1850 ஜூலை 3-ஆம் தேதி, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அந்த அரண்மனைக்கு வந்து ராணியின் கையில் கோஹினூர் வைரத்தைக் கொடுத்தார்கள். லாகூரில் பத்து வயதே ஆன மகாராஜா துலீப் சிங்கிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்தது. வீட்டு வேலை நடக்கும்போது யார் வீட்டிலிருந்து என்ன வந்தது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை போலும். ராணிக்கு அப்போது மடியில் இரண்டு மாதக் குழந்தை, ஏழாவது, ஆர்தர்.

புது முகப்பில் நடுவே ஒரு மாடம் வேண்டும் என்று சொன்னவர் ஆல்பர்ட். 1851 மே 1-ஆம் தேதி பெரிய பொருட்காட்சியின் திறப்பு விழாவன்று ராணி முதன்முதலாக அதில் வந்து நின்றார். இன்றுவரை கல்யாணம், பட்டாபிஷேகம் எதுவானாலும் அந்த வீட்டுக்காரர்கள் வந்து கையசைப்பது அங்கேதான். நர்ஸரிக்கு இடம் வேண்டும் என்று ஆரம்பித்த வேலையில் உலகத்துக்குத் தெரிந்தது மாடம் மட்டும். 1850-களின் நடுவில் நடனக்கூடமும் வந்தது. எட்டாவது பிரசவத்தில் ராணிக்கு ஜான் ஸ்னோ என்ற டாக்டர் குளோரோபார்ம் கொடுத்தார். இரண்டில் எது பெரிய முன்னேற்றம் என்று ராணியைக் கேட்டால் அவர் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பார். 1857 ஏப்ரலில் ஒன்பதாவதாக பியாட்ரிஸ் பிறந்ததோடு தொட்டில் நின்றது.

ஆஸ்போர்னில் பிள்ளைகளுக்கென்று தனியாக மரத்தில் ஒரு குட்டி வீடு கட்டிக் கொடுத்திருந்தார் ஆல்பர்ட். ஒவ்வொருவருக்கும் தோட்டத்தில் ஒரு பாத்தி, பெயரின் முதலெழுத்துப் பொறித்த கைவண்டி, மண்வெட்டி. விளைந்த காய்கறியைச் சந்தை விலை போட்டு அவரே வாங்கிக்கொள்வார். பக்கத்தில் இளவரசர்கள் கை வைத்த ஒரு சின்னக் கோட்டையும் உண்டு. பிறந்தது முதல் சுண்ணாம்பையும் சாரத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு என்ன விளையாட்டு தெரியும்?

ப்ளோரின் சிக்கனம் கடைசியில் பல்லிளித்தது. முகப்புக்குப் போட்டது பிரான்சிலிருந்து வந்த கான் கல், மிருதுவானது. லண்டனின் கரிப்புகையில் அது அரித்துப் பொரிந்துபோனது. 1913-இல் ஆஸ்டன் வெப் என்பவரைக் கூப்பிட்டு முகப்பு முழுவதற்கும் போர்ட்லண்ட் கல்லில் புதுச் சட்டை போட்டார்கள். கல்லையெல்லாம் ஒரு வருஷமாக வெட்டித் தயாராக வைத்துக்கொண்டு, மேலே ஏற்றுகிற வேலையைப் பதின்மூன்றே வாரத்தில் முடித்தார்கள். ராஜா குடும்பம் வேலையாட்களுக்கு விருந்து வைத்தது.

பதின்மூன்று வாரம்! எப்படி முடிந்தது என்பதற்குக் கட்டடக்கலை நிபுணர்கள் பல காரணம் சொல்வார்கள். ஒன்றை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன். அப்போதைய ராஜா ஐந்தாம் ஜார்ஜின் கடைசிப் பிள்ளைக்கு எட்டு வயது. அரண்மனையில் கைக்குழந்தை கிடையாது.